ஓரம் தேய்ந்த டயர்

"எந்திரிங்க, நேரமாச்சு. ஒன்பதரைக்கெல்லாம் கண் ஆஸ்பத்திரியில இருக்கணும். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க" என்றாள் மனைவி, ஃபைலை மார்போடு அணைத்தபடி.

டயர்க்காரர் எழுந்திருக்கவில்லை. காரின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடம் டயர்க்கடை நடத்தியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. என் விரலுக்குப் புரை விழவில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எங்கே புறப்பட்டாலும் நாலு டயரையும் தடவிப் பார்க்காமல் ஏறமாட்டார்.

"வண்டிய அரை சுத்து முன்னால நகத்து" என்றார் டிரைவரிடம்.

டிரைவர் ஆறடி ஆள். கடக்கென்று சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்து, வண்டியை மெல்ல உருட்டினான்.

டயரின் மறுபாதியைத் தடவிய விரல் நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்ததும் நின்றது. அவர் முகம் கடுகடுவென்று ஆனது.

"இறங்குடா கீழ! மூணு மாசம் முன்னாடி நான் பக்கத்துல நின்னு மாட்டவெச்ச டயர். நடுவுல புதுசு மாதிரி இருக்கு, வெளி ஓரம் மட்டும் மொட்டையா இருக்கே, எப்படி?"

"ரோடு சரியில்லைங்க ஐயா..."

"யார்கிட்ட கதை விடற? சக்கரத்தோட அலைன்மென்ட்கூட போன மாசம்தான் பாத்தாச்சு. ஸ்டியரிங்கை ஒரே பக்கமா ஒடிச்சு ஒடிச்சு வட்டமடிச்சாதான் இப்படித் தேயும். மத்தியானம் நான் தூங்கற நேரத்துல என் வண்டிய எங்கடா கொண்டு போய்ச் சுத்தற?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான்.

"போயிட்டு வந்து பேசிக்கலாமே" என்றாள் மனைவி.

"நீ வாயை மூடு. பிரேக் எது கிளட்ச் எதுன்னு தெரியாதவளெல்லாம் வண்டியப் பத்திப் பேச வந்துட்டா!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? உண்மையைச் சொன்னா வேலை இருக்கும். இல்லேன்னா சாவிய வெச்சுட்டுக் கிளம்பு."

டிரைவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள்; இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

"சொல்ல முடியாதுங்க ஐயா. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"ஒருத்தருக்கா, ஒருத்திக்கா? என் வண்டியில பொம்பளைய ஏத்திக்கிட்டு ஊர் சுத்தறியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!"

டிரைவர் சாவியை பானட்டின் மேல் வைத்தான். கேட்டை நோக்கி நடந்தான்.

டயர்க்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோபத்திலும் உள்ளூர ஒரு பெருமை. உலகமே பொய் சொன்னாலும் டயர் தன்னிடம் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மணி ஞாபகம் வந்தது. ஒன்பது அடிக்கப் போகிறது.

"பாத்துக்கிட்டு நிக்காதே, டாக்ஸிக்கு போன் போடு" என்று மனைவி நின்ற பக்கம் திரும்பினார்.

அங்கே அவள் இல்லை. பானட்டைத் தடவினார். சாவியும் இல்லை.

"தம்பி, போகாதீங்க! எப்பவும் போல வந்து பக்கத்து சீட்ல உட்காருங்க" என்று காருக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. கடக்கென்று சீட் முன்னால் நகர்ந்தது. ஒரே திருகலில் இன்ஜின் கிளம்பியது.

"நீங்க பின்னாடி ஏறுங்க. ஓரம் தேயாம ஓட்டறேன்."