டிவியில் தெரிந்த தடம்

எடப்பாடியில் அந்த டிவிக் கடையில் ஒரே ஒரு டிவிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெண்கள் டென்னிஸ் இறுதிப்போட்டி.

“மண் தரைங்கண்ணா! பந்து பட்டா தடம் விழுகும். எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க!” என்றாள் விற்பனைப் பெண் சோபியா.

“தெரியுதுங்க,” என்றார் வாடிக்கையாளர் கண்ணுசாமி.

“ஆடற புள்ள கீழ விழுகலீங்க, சறுக்கிட்டே போயி அடிக்கிறா! மண்ணு தெறிக்கிறது தெரியுதா? இன்னும் ஒரே பாயிண்ட், கோப்பை அவளுக்குத்தான்!”

முதலாளி வின்சென்ட் பூரிப்போடு வந்தார். “டிவி புடிச்சிருக்குதுங்களா?”

“புடிச்சுத்தானுங்க வாங்கினேன். ஒரு மணி நேரமா பேக் பண்ணித் தரமாட்டேங்குது இந்தப் புள்ள!”

சோபியா நாக்கைக் கடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

“ஐயோ, கையை எடு சாமி!” கண்ணுசாமி அலறினார். “பந்து கோட்டுல பட்டுதா இல்லியான்னு அம்பயர் குனிஞ்சு பார்க்கறாரு!”