ஹாலில் மாட்டிய கிருமி

தமயந்திக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காசநோய் வந்து குணமானதும், முன்பு தன் சளியை நுண்ணோக்கியில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் மாட்டினாள். வெளிர்நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கீற்றுகள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். இரண்டு வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லி, உட்காரக்கூடச் செய்யாமல் நேரே படத்தருகே போய்விட்டாள்.

"இந்தக் கலர்ல ஒரு பட்டுப்புடவை கிடைச்சா விடமாட்டேன். என்ன பூம்மா இது?"

தமயந்தியின் அப்பா தொண்டையைச் செருமினார். மகள் கண்டுகொள்ளவில்லை.

"பூ இல்லீங்கம்மா, டிபி கிருமி. போன வருஷம் எனக்கு வந்தது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். இப்ப சுத்தமா இல்ல."

செண்பகவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தாள்.

"இத்தனையையுமா கொன்னே?"

"ஒண்ணு விடாம."

அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "ஒரு கரப்பான்பூச்சிக்கே நீ கட்டில்மேல ஏறி நிப்பியேடா! நம்ம வீட்டு ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல இது கொள்ளுமா?"

அவன் சிரித்தபடி எழுந்து வந்து, படத்தின் அகலத்தைச் சாண் சாணாக அளக்க ஆரம்பித்தான்.