உருண்டை பேசறேன்

"சார், ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு உதவி கேட்கலாமா?"

மூத்த நர்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அவருக்குத் திக்கென்றது. ஆபரேஷன் நேரத்தில் நர்ஸ் உதவி கேட்டால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது?

"என்ன சிஸ்டர்? ஏதாவது சிக்கலா?"

குரல் கரகரத்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் பெரிய டாக்டர். ஆனால் குரல் பழையபடி இருக்குமா என்று கேட்டதற்கு மட்டும், "எங்க டீம் நல்லபடியா பார்த்துக்கும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குக் குரல்தான் பிழைப்பு. ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்த கார்ட்டூனில், குட்டி நரியின் உயிர்த்தோழனாக உருண்டை என்றொரு நீர்யானைக் குட்டி வரும். எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்கும். ஆனால் நண்பனை மட்டும் விட்டுவிட்டு ஓடாது. ஆரம்பத்திலிருந்தே அதற்குக் குரல் கொடுப்பவர் அவர்தான். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சி. ஆனாலும் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவர் உருண்டைதான்.

"சிக்கலெல்லாம் இல்ல சார். இங்க ஒரு பொண்ணு இருக்கா. இன்னிக்கு அவளுக்கு முதல் ஆபரேஷன். காலையிலேர்ந்து கையெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். உருண்டைன்னா அவளுக்கு உசுரு. நீங்க அந்தக் குரல்ல ரெண்டு வார்த்தை பேசினா, என் போன்ல பதிஞ்சு போட்டுக் காட்டுவேன்."

"அதெல்லாம் வேண்டாம் சிஸ்டர்." மனைவி குறுக்கே வந்தாள். "பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இவர் தும்மினாலே எனக்கு நெஞ்சு பதறுது."

நர்ஸ் முகம் சுண்டிப்போனது. "சரிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்று திரும்பினாள்.

"இருங்க சிஸ்டர். சின்னப் பொண்ணா?"

"சின்னப் பொண்ணுதான் சார்."

"கூட யார் இருக்கா? அம்மா, அப்பா?"

"அவங்க ஊர்ல இருக்காங்க. இங்க தனியாத்தான் இருக்கா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மனைவி அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, இதோட அந்தக் குரல் போயிட்டா?"

"போறதுன்னா எப்படியும் போகும். போறப்ப ஒரு குழந்தைக்கு உதவிட்டுப் போகட்டுமே."

நர்ஸ் போனை நீட்டினாள். அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார், ஏதோ கீச்சென்றது. நெற்றி வியர்த்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணை மூடி, மூச்சை அடிவயிற்றுக்கு இழுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டதும் எங்கிருந்தோ உருண்டை வந்துவிட்டது.

"ஹலோ! உருண்டை பேசறேன். என்ன, பயமா இருக்கா? எனக்கும்தான். என் தொப்பை எப்படி ஆடுது பாரு! பயந்தா என்ன இப்போ? பயந்துக்கிட்டே போவோம். நீ முன்னாடி நட, நான் பின்னாடியே வரேன். எங்க, கையை நீட்டு... ஆங்! நடுக்கம் நின்னுடுச்சு பார்த்தியா? சமர்த்து!"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

சற்று நேரத்தில் அவரையும் தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்கு மேல் பெரிய விளக்கு. சுற்றிலும் முகமூடிகள். ஓரமாக நின்ற பெரிய டாக்டரின் கண்ணாடி மட்டும் அடையாளம் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டியிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது.

விழித்தபோது கட்டி போயிருந்தது. ஆனால் டாக்டர்கள் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு. குரல் இருக்கிறதா, இல்லையா? தெரியாமலே வீட்டுக்கு வந்து படுத்திருந்தார். அதைவிட இன்னொன்று அவரை அரித்தது. இடுப்பளவுக்குக் கையைக் காட்டி, அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று மனைவியிடம் சைகையால் கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து வாங்கப் போனவள் குழந்தைகள் வார்டில் விசாரித்துவிட்டு வந்தாள். முகம் சரியில்லை.

"அன்னிக்குக் குழந்தைங்க யாருக்கும் ஆபரேஷனே இல்லையாங்க."

ஏன் இல்லை என்கிறார்கள்? எதை மறைக்கிறார்கள்? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மறுபரிசோதனை நாள் வந்தது. பெரிய டாக்டர் வேறு தியேட்டரில் இருந்தார். முகமூடி போட்ட இளம் டாக்டர் ஒருத்திதான் குழாயை விட்டு அவர் தொண்டையை நெடுநேரம் பார்த்தாள். பக்கத்தில் அதே நர்ஸ்.

"ஆறிடுச்சு சார். மெதுவா ஏதாவது பேசுங்க பார்க்கலாம்."

மனைவி அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, நர்ஸைத்தான் பார்த்தார்.

"சிஸ்டர்... அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

குரல் கணீரென்று வந்தது. மனைவி விம்மி அழுதாள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை. நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிவதைப் பார்த்து அவர் கண் கலங்கியது.

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இளம் டாக்டரை முழங்கையால் இடித்தாள். "உங்களைத்தானேம்மா கேட்கறார், சொல்லுங்க."

டாக்டர் முகமூடியைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"நான் நல்லா இருக்கேன் சார். என்னோட முதல் ஆபரேஷன்... பேஷன்ட் இப்போ நல்லாவே பேசறார்."