அக்கினி மூலை

“வாஸ்துப்படி நெருப்பு தென்கிழக்கு மூலையிலதான் இருக்க வேணும் மாமி. வீட்டைச் சூடாக்கிற பொயிலரை அங்க மாத்துவம்,” என்றாள் நிலாணி.

யோகமலர் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். “சாத்திரம் எண்டா செய்யத்தானே வேணும் பிள்ளை.”

பொயிலரை மாற்ற வந்த பிரவீனன், மல்வேர்ன் வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிலாணி காட்டிய மூலையில் நின்று தலையைச் சொறிந்தான். “அக்கா, அந்தச் சுவருக்கு அங்கால மாமி படுக்கிற அறையெல்லே? சத்தம் கேட்கும்.”

“பரவாயில்லை. அதிலயே வையுங்கோ.”

அவன் போனில் திசை பார்த்தான். “அதோட, இது தென்கிழக்கும் இல்லை. வடமேற்கு.”

நிலாணி அவசரமாகக் கதவைச் சாத்தினாள். “மெல்லக் கதையுங்கோ தம்பி. மாமியின்ர அறை சரியான குளிர். ஹீற்றர் வாங்கிக் குடுத்தன், தனக்கேன் வீண் செலவெண்டு திருப்பிக் குடுக்க வைச்சிட்டா. மேல வந்து படுக்கவும் மாட்டாவாம். சாத்திரம் எண்டாத்தான் மறுக்கமாட்டா.”

அடுத்த கிழமை, கதகதவென்றிருந்த சுவரில் முதுகைச் சாய்த்தபடி யோகமலர் மகனிடம் சொன்னாள்: “என்ர யன்னலுக்குள்ள ஒருநாளும் காலமை வெயில் வந்ததில்லை. பின்னேர வெயில்தான் விழும். இவள் தென்கிழக்கு எண்டுறாள்.”

“அப்ப ஏனம்மா ஓமெண்டனீங்கள்?”

“பாவம், எவ்வளவு யோசிச்சுப் பொய் சொன்னவள். நீ அவளுக்குச் சொல்லிப்போடாதை.”