மஞ்சள் அம்பு

அப்பா போட்டிருக்கும் ஸ்மார்ட் கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் அம்பு இருந்தது. மறதி நோய் வந்த அவரை அது கட்டிலிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கும் கூட்டிப்போகும். அம்பு காட்டாத கதவெல்லாம் அவர் கண்ணுக்கு வெறும் சுவர்தான்.

எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். ஆடுகிறவர் இஷ்டம்போல எங்கும் சுற்றக்கூடிய திறந்த உலக வீடியோ கேம்கள் செய்கிறவள் நான். ஒரே தடத்தில் ஆளைத் தள்ளிக்கொண்டு போவதை நான் ஆட்டம் என்றே ஒப்புக்கொள்ளமாட்டேன். பெற்ற அப்பாவை அதற்குள் அடைத்து வைப்பதா? காலையில் அம்பை எடுத்துவிட்டு, கதவுகளையும் திறந்துவிட்டேன்.

"இனி எந்தப் பக்கம் வேணும்னாலும் போங்கப்பா."

குழந்தை மாதிரி சிரித்தார்.

ஆன்லைன் மீட்டிங் முடிந்து அறையைவிட்டு வந்தால் ஆளைக் காணோம். அவர் கண்ணாடியின் கேமரா காட்டுவதை என் போனில் திறந்தேன். கடல்.

என் கேமுக்குப் புதிதாக வருகிறவர்களும் முதலில் இதைத்தான் செய்வார்கள். உலகம் எங்கே முடிகிறதென்று பார்க்க நேரே கடலில் இறங்குவார்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்றை நான் வைத்திருப்பேன்.

கொட்டிவாக்கம் கடற்கரைக்குச் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டே அம்பைத் திரும்பப் போட்டேன். அது கரையைக் காட்டியது. தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்திருந்தது.

"அப்பா, நில்லுங்க! அம்பு காட்டுற பக்கம் திரும்புங்க!" என்று போன் வழியே அவர் கண்ணாடிக்குள் கத்தினேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் பொறுமையாக. "இந்த அம்பெல்லாம் இனி எனக்கு வேண்டாம். எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம்னு என் பொண்ணு சொல்லிட்டா."