இரண்டு தட்டு

ஆட்சி கவிழ்ந்த மறுவாரம், கல்குவாரிப் பெண்களின் கழுத்துப் பட்டைகளை வெட்டி எறிந்தார்கள். பெண்குரல் உயர்ந்தால் தொண்டையில் ஷாக் அடிக்கிற பட்டை அது. மாரிக்கனி வயசுக்கு வந்த நாளிலிருந்து அதைச் சுமந்தவள்.

"இனி ஒங்க வாயை எவன் அடக்குவான்?" என்று மேஸ்திரி தவசி சிரித்தான். ஆண்கள் மேட்டுக்குப் போய்க் கொட்டடித்து ஆடினார்கள். பெண்களுக்கு வேலை இருந்தது.

பள்ளத்தில் தங்கை சந்தனமாரி ஜல்லி அள்ளிக்கொண்டே தொண்டை கிழியப் பாடினாள். வயசுக்கு வந்த பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

"யக்கா, நீயும் ஒரு வரி பாடேன்!"

"போடி, கூச்சமா இருக்கு."

சிரித்தபடி நிமிர்ந்த மாரிக்கனி, தங்கையின் தலைக்கு மேலே பாறை விரிசல் விடுவதைப் பார்த்தாள்.

ஆபத்தென்றால் சம்மட்டியால் கல்லில் இரண்டு தட்டு. கேட்டதும் பெண்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். இத்தனை வருஷமும் அவர்களைக் காப்பாற்றியது அந்தச் சத்தம்தான். மாரிக்கனியின் கை தானாகச் சம்மட்டியை எடுத்தது. தட்டினாள். மறுபடி, மறுபடி தட்டினாள்.

சந்தனமாரி பாடிக்கொண்டே இருந்தாள். பாறை அவள் மேல் வந்து விழுந்தது.

புழுதியைப் பார்த்துத் தங்கை புருஷன் ஓடிவந்தான்.

"பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க மயினி? பட்டைதான் இல்லையே! ஒரு சத்தம் போட்டா என்னா?"

"தட்டுனேன் தம்பி," என்றாள் மாரிக்கனி.

மேட்டில் கொட்டு இன்னும் ஓயவில்லை.

"என்னது? சத்தமாச் சொல்லுங்க!"

அவள் வழக்கம்போல அவன் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.