பப்பரப்புளிப் பொடி

“மறைக்காம சொல்லுங்கம்மா. இந்த வாரம் இவருக்குப் புதுசா என்ன குடுத்தீங்க?”

டாக்டர் சிவசங்கரி கேட்டதும் மேனகா திரையைப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் விஜயராகவன் படுத்திருந்தான். மார்பெல்லாம் ஒயர். காலையில் ரெட்டியார்பாளையம் வீட்டில் பல் விளக்கப் போனவன், காலில் பலமே இல்லையென்று குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டான். ஆட்டோ கோரிமேடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது.

“வழக்கமான சாப்பாடுதான் டாக்டர். உப்பு கம்மி. தண்ணி அளந்துதான் குடுக்கறேன்.”

“வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்றவரு. நாடித்துடிப்பு நாப்பதுக்கு இறங்கியிருக்கு. இளநீர், வாழைப்பழம், ஏதாச்சும்?”

“ஐயோ, அதெல்லாம் கண்ணுலயே காட்டறதில்ல.” மேனகா முந்தானையைக் கையில் சுருட்டினாள். “ஒரு பொடி மட்டும்... சத்துக்காக... எட்டு நாளா.”

கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பச்சை எழுத்தில் ‘பப்பரப்புளிப் பொடி’ என்று போட்டிருந்தது. கீழே, பீப்பாய் போல் அடி பருத்த ஓர் ஆப்பிரிக்க மரத்தின் படம்.

டாக்டர் படித்தார். அவர் முகம் மாறியது.

“தினம் எவ்ளோ?”

“காலையில ரெண்டு ஸ்பூன், சாயங்காலம் ரெண்டு ஸ்பூன். கூழுல கலந்து. ஆரஞ்சுப் பழத்தைவிட வைட்டமின் சி அதிகம், சுண்ணாம்புச் சத்து இருக்கு, உடம்பு தேறும்னு அதுலயே போட்டிருக்கே டாக்டர்.”

“போட்டிருக்கிறது பொய்யில்லம்மா. நல்லா இருக்கிறவங்களுக்கு நல்ல பழம்தான். ஆனா அதுல பொட்டாசியமும் நிறைய இருக்கு. நமக்குன்னா சிறுநீர்ல போயிடும். இவருக்கு எங்க போகும்? ரத்தத்துலயே தங்கும். ரொம்ப ஏறிட்டா இதயத்தையே நிறுத்திடும்.”

மேனகா கணவனிடம் போகத் திரும்பினாள்.

“ஊசி போட்டிருக்கோம். டயாலிசிஸுக்கு ரெடி பண்றாங்க. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தாத்தான் எவ்ளோ ஏறியிருக்குன்னு தெரியும். வெளிய இருங்க.”

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ‘புளிக்குதுடி, வேணாம்’ என்று நேற்றுகூட அவன் டம்ளரைத் தள்ளினான். அதட்டி, முழுவதையும் குடிக்கவைத்தது இந்தக் கைதான். கையைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பொடி கொடுத்தது அவளுடைய தம்பி செம்மல். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு வருகிறவர்களிடமும், தெருத் தெருவாகவும் அவன் ஆறு மாதமாக விற்பது அதைத்தான். அதற்காகப் போன வாரம் பக்கத்து வீட்டு வசந்தாவோடு சண்டையே நடந்தது. “உன் தம்பிகிட்ட வாங்கினது வெறும் ஜவ்வரிசி மாவுடி. நாக்குல வச்சாலே தெரியுது” என்றாள் வசந்தா. “என் தம்பி ஊரை ஏமாத்தறவன் இல்ல” என்று தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தாள் மேனகா.

இப்போது அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். ‘வசந்தா சொன்னது நெசமா இருக்கணும் சாமி. என் தம்பி ஏமாத்துக்காரனா இருக்கணும்.’

போனில் சொன்ன அரை மணி நேரத்தில் செம்மல் ஓடி வந்தான்.

“அக்கா! மாமாவுக்கு என்னாச்சு?”

அவள் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள். “நீ விக்கிற பொடி அசலா, கலப்படமாடா?”

செம்மலின் முகம் வெளிறியது. “இப்ப எதுக்குக்கா அது?”

“சொல்லுடா!”

“அசல்தான்கா. யாரு என்னா சொன்னது உன்கிட்ட? அந்த வசந்தாக்காவா?”

“பொய் சொல்லாத. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். கலப்படம்னு சொல்லுடா. உன் கால்ல விழறேன்.” நிஜமாகவே குனிந்துவிட்டாள்.

அவன் பதறிப் பின்னால் நகர்ந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். குரல் உள்ளே போய்விட்டது.

“ஆமாக்கா. ஜவ்வரிசி மாவுதான். புளிப்புக்குக் கொஞ்சம் எலுமிச்சை உப்பு. ஆறு மாசமா அதைத்தான் விக்கறேன். மன்னிச்சுடுக்கா.”

மேனகா சத்தமாகச் சிரித்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்போடு கண்ணீர் வழிய, தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

“நல்லாயிருப்படா! அசலா இருந்தா அதுல இருக்கிற பொட்டாசியமே மாமாவைக் கொன்னுடும்னு டாக்டர் சொல்றாங்க. ஜவ்வரிசி மாவு என்னா பண்ணப்போவுது? இரு, உள்ள போயி சொல்லிட்டு வந்துடறேன்.”

இரண்டடி எடுத்து வைத்தவளின் மணிக்கட்டை செம்மல் பிடித்துக்கொண்டான்.

“போவாதக்கா.”

“ஏன்டா?”

“அது ஊருக்கு விக்கறதுதான்கா.” அவன் உதடு கோணியது. “மாமா சீக்கிரம் எழுந்து நடக்கணும்னு, உனக்கு மட்டும் மெட்ராஸ்ல சொல்லிவச்சு அசலா வாங்கியாந்து குடுத்தேன்.”